ஒன்றரை அங்குலம்

நானா,

இன்று காலை என் கராஜ் முழுக்க மா வறுபடும் வாசம். பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து வந்திருந்தால் ஒருதரம் மூக்கை உறிஞ்சிவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். இது உங்கள் வண்டியின் பொனட்டுக்குள்ளிருந்து வந்தது. நாலு புகைக்குழாயிலும் ஈர அரிசிமாவைக் கோடாகப் பூசி, எஞ்சினை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். ஆறேழு வருஷத்துக்குப் பிறகு அதே வாசம். நோன்பு மாதம் வேறு. வயிறு காய்ந்த மனிதர்கள் நடமாடும் தெருவில் பட்டப்பகலில் மா வறுக்கிற என்னை நீங்கள் பார்த்திருந்தால், "பாஸ், இது பாவம்" என்று முகத்தை இறுக்கிக்கொண்டு சொல்லிவிட்டு, நாலு எட்டு தள்ளிப் போய் நின்று சிரித்திருப்பீர்கள்.

பழைய குழாய் போன கிழமை வெடித்துவிட்டதாம். வண்டியைக் கொண்டுவந்தவர் உங்கள் மச்சான். நீங்கள் போன பிறகு அவர்தான் ஆள் வைத்து அதை ஓட்டுகிறார். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர் சுற்றி வளைக்கவில்லை. "பாஸ், இந்தமுற கொஞ்சம் பெரிய கொழாயா போடுங்க. பெருசா ஈந்தா நல்லா இழுக்கும்தானே?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. இதே கராஜில் இதே பேச்சை முதலில் பேசியவன் நான். அவர் அதை என்னிடமிருந்துதான் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதனால்தான் இந்தக் கடிதம். உங்களிடம் ஒரு பிழையை ஒத்துக்கொள்ளாமலே இருந்துவிட்டேன் நானா. ஒத்துக்கொள்ள எத்தனையோ நாள் இருந்தது. கோபக்காரனுக்கு வாய் திறப்பது சுலபம், அதே வாயால் மன்னிப்புக் கேட்பதுதான் மலை ஏறுகிற வேலை.

அந்த வருஷம் உங்களுக்கு நினைவிருக்கும். கண்டி ரோட்டில் பஸ்கள் பெருகி, ஹயர் கார் ஓட்டுகிறவர்கள் திண்டாடிக்கொண்டிருந்த காலம். ஒரு தோட்டத் துரையிடமிருந்து கைமாறி வந்த பழைய அமெரிக்கக் கார் உங்களுடையது. பாதி உங்கள் பங்கு, பாதி மச்சானின் பங்கு. பின்பக்கத்தை நீட்டி இன்னொரு வரிசை ஆசனம் போட்டு, எட்டுப் பேரை ஏற்ற ஆசைப்பட்டீர்கள். எட்டுப் பேர் ஏறி உட்கார்ந்துவிடலாம். அந்த எட்டுப் பேரோடு, கண்டிக்கு வரும் வழியில் கடுகண்ணாவை மலையை வண்டி ஏற வேண்டுமே. அதற்குத்தான் என்னிடம் வந்தீர்கள். ஊர் வழக்கப்படி உங்களை அண்ணன் முறையில் நானா என்றேன், கராஜ்காரன் என்பதால் நீங்கள் என்னை பாஸ் என்றீர்கள்.

முதல் நாள் நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. அதற்கு முன் எட்டு வருஷம் மலைக்குக் கீழே மாவனல்லையில் மச்சானின் துணிக்கடையில் முழம் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "அந்தக் கடையில எனக்கு ஒரு கதிர இல்ல பாஸ். நிண்டுக்கிட்டே துணி கிழிச்சேன். இந்த வண்டியிலதான் மொத மொத ஒக்காந்து சோறு தேடுறேன். இது மலை ஏறல்லெண்டா நான் திரும்பிப் போய் நிக்கணும்." சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை ஒரு துணியால் துடைத்தீர்கள். அதில் தூசி இருக்கவில்லை.

நான் கலஹாவில் தோட்டக் கூலிகளின் லயத்தில் பிறந்து, தேயிலைத் தொழிற்சாலையின் எஞ்சின் அறையில் கையைக் கறுப்பாக்கிக்கொண்டு கண்டிக்கு வந்தவன். எஞ்சின் என்றால் எனக்குத் தெரியாதது இல்லை என்று நானே நம்பிக்கொண்டிருந்தேன். உங்கள் வண்டியின் சிலிண்டர்களைக் குடைந்து அகலமாக்கினேன். பெரிய பிஸ்டன் போட்டேன். அதுவரை எல்லாம் ஒழுங்கு. மிச்சம் இருந்தது மேனிபோல்ட். எஞ்சினின் நாலு வாயிலிருந்தும் புகையை வாங்கி ஒரே குழாயில் சேர்க்கிற அந்த நாலுவிரல் இரும்புக் கை. பழையது பெருத்த எஞ்சினுக்குப் போதாது. புதிதாகக் குழாய் வளைத்துச் செய்ய வேண்டும். என்ன அளவில்?

எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் கொழுந்து காயவைக்கிற அடுப்புக்குப் புகைபோக்கி அகலமாக இருந்தால் இழுவை நன்றாக இருக்கும். எத்தனையோ புகைபோக்கி மாற்றியவன் நான். புகை என்றால் எல்லாம் ஒரே புகைதானே! பழைய தொழிற்சாலையிலிருந்து இரண்டு அங்குலக் குழாயாகப் பார்த்துத் தேடி எடுத்துவந்து வளைத்துப் பற்றவைத்தேன். வண்டியை ஓடவிட்டதும் தெருவே திரும்பிப் பார்த்தது. அப்படி ஒரு கம்பீரமான சத்தம். பேராதனைப் பாலம் வரைக்கும் சம ரோட்டில் பறந்துவிட்டு வந்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீங்கள் மட்டும் நிதானமாக, "சத்தம் நல்லா ஈக்குது பாஸ்" என்றீர்கள். சத்தத்தை மட்டும் பாராட்டினீர்கள் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அந்த வருஷம் உங்கள் நோன்பு மாதமும் எங்கள் மாதா கோயில் தவக்காலமும் ஒரே நேரத்தில் வந்தன. நீங்கள் பகலெல்லாம் தண்ணீர்கூடத் தொடவில்லை. நான் இறைச்சியையும் சுருட்டையும் விட்டிருந்தேன். சுருட்டு இல்லாத நாற்பது நாளில் என் குணம் எப்படி இருக்கும் என்று என் மனைவியிடம் கேட்டால் தெரியும்.

நோன்பு நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மச்சான் குடும்பத்தோடு கண்டிக்கு வர ஆயத்தமாகி இருந்தார். மாவனல்லையிலிருந்து வண்டி நிறைய எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். நான் முன்னால் உங்கள் பக்கத்தில், மடியில் கட்டையோடு. வண்டி நின்றுவிட்டால் பின்சில்லு உருளாமல் அடை கொடுக்கிற அந்த முக்கோண மரக்கட்டை இல்லாமல் அந்த மலையில் யாரும் வண்டி ஓட்டியதில்லை. அடிவாரம் வரை வண்டி அட்டகாசமாகப் போனது. மலை தொடங்கியதும் சத்தம் மட்டும் மிஞ்சியது. பாறையைக் குடைந்து ரோடு போட்டிருக்கும் இடத்துக்குக் கீழே அந்தப் பெரிய வளைவில் எஞ்சின் இருமி, நடுங்கி, நின்றது. நான் குதித்து கட்டையைப் போட்டேன். பெண்களும் பிள்ளைகளும் இறங்கி, வெயிலில் நோன்போடு மலை ஏறி நடந்தார்கள்.

மச்சான் இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "என்ன பாஸ் இது?"

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "வண்டியில ஒரு கொறையும் இல்லீங்க மொதலாளி. நோன்பு புடிச்ச காலு. அமத்த வேண்டிய எடத்துல அமத்தல."

நீங்கள் குனிந்து உங்கள் வலது காலைப் பார்த்தீர்கள். அது உண்மையிலேயே பிழை செய்துவிட்டதா என்று விசாரிக்கிற பார்வை. பிறகு வண்டியில் ஏறி, வெறும் வண்டியை மெல்ல மேலே கொண்டுபோனீர்கள். அந்தப் பார்வையை நான் இத்தனை வருஷமும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

அன்றைக்கு மச்சான் ஒரு தவணை வைத்தார். பெருநாளன்று அவர் குடும்பத்தோடு மறுபடி கண்டிக்கு வருவார். கட்டை போடாமல் வண்டி மலை ஏறினால் வண்டி உங்களோடு இருக்கட்டும். நின்றுவிட்டால் வண்டியை விற்றுவிட்டு நீங்கள் கடைக்குத் திரும்ப வேண்டும். அவர் ஏன் அத்தனை நாள் தவணை கொடுத்தார் என்று நான் யோசித்தேனில்லை. என் வேலையில் நம்பிக்கை என்று எண்ணிக்கொண்டேன். அவ்வளவு மண்டைக்கனம்.

மறுநாள் காலை கண்டி கட்டுக்கலையில் உங்கள் வீட்டு முற்றத்தில் வண்டியைப் பார்க்க வந்தேன். நீங்கள் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள் என்ற பயம் உள்ளுக்குள் இருந்தது. நீங்கள் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தீர்கள். எஞ்சினை ஓடவிட்டேன். எந்தக் குழாய் எவ்வளவு சுடுகிறது என்று பார்க்க, எங்கள் தொழில் வழக்கப்படி ஒவ்வொரு குழாயிலும் எச்சில் துப்பினேன். சுர்ரென்று ஆவியானது.

நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். "நோன்பும் புடிச்சிக்கிட்டு இந்தத் துப்பலையும் பாக்கணுமா பாஸ்?"

"வேற எப்பிடிங்க நானா சூடு பாக்கறது?"

அப்போது குசினிக் கதவுக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல் வந்தது. உங்கள் மனைவி என் முன்னால் வருவதில்லை. ஆனால் பேச்சில் பின்வாங்கியதும் இல்லை. நோன்பு திறப்பதற்கு மா வறுத்துக்கொண்டிருந்தார். "அந்தக் கொழாய நான் நேத்தே பாத்தேன்" என்றார். "இவ்வளவு தண்டியா ஈந்தா எப்பிடி? நாங்க ஊதாங்கொழல் மெல்லிசா வெட்டினாத்தான் நெருப்பு பத்தும். இந்தக் கொழாயில ஊதினா காத்து எங்க போகும்?"

எனக்குச் சுருக்கென்றது. அடுப்பூதுகிறவர்கள் எனக்கு எஞ்சின் சொல்லித்தருவதா என்று வாய்வரை வந்தது. நீங்கள் என் பக்கம் பார்க்கவில்லை. கதவிடுக்கு வழியே மாச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சட்டியில் நெருப்பு நேராகப் படுகிற இடத்தில் மா பொன்னிறமாகியிருந்தது, ஓரத்தில் இன்னும் வெள்ளையாக இருந்தது.

"பாஸ், துப்பல் ஒடனே மறந்துரும்" என்றீர்கள். "மலையில என்ன நடந்திச்செண்டு அதுக்குத் தெரியாது. மாவப் பூசிட்டு மலை ஏறினா மா ஞாபகம் வச்சிக்கும்."

நான் தொழில் கற்ற இடத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பெரிய கராஜ்களைப் பார்த்தேன், அங்கேயும் சொன்னதில்லை. மா சுடும், நிறம் மாறும், அந்த நிறம் அப்படியே நிற்கும். நெருப்பு குழாய்க்குள் எவ்வளவு தூரம் உயிரோடு போனது, எங்கே களைத்தது என்று வெளியிலிருந்தே படிக்கலாம். அன்று பின்னேரமே நாலு குழாயிலும் மாவைக் கோடிழுத்து, அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம். அதே வளைவில் வண்டி நின்றது. கட்டை போட்டுவிட்டு பொனட்டைத் திறந்தோம்.

நானா, எனக்கு மெய்சிலிர்த்தது. எஞ்சினை ஒட்டி ஒரு சாண் வரைக்கும் மா கருகியிருந்தது. அதற்கு அப்பால் நாலு குழாயிலும் மா வெள்ளையாகவே இருந்தது. எனது அகலமான குழாய்க்குள் புகை ஓடவில்லை, உலாத்திக்கொண்டிருந்தது. முன்னால் போகிற புகை வேகமாகப் போனால்தான் அடுத்த சிலிண்டரின் புகையைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போகும். மெல்ல ஓடும் எஞ்சினில் பெரிய குழாய் அந்த இழுவையைக் கொன்றுவிடும். நெருப்பின் நடையை அரிசிமாவு எழுதிக் காட்டியிருக்கிறது. அதை வாசிக்க முதல் ஆளாக நின்றவன், உங்கள் காலைக் குறை சொன்னவன். அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அப்ப சின்னக் கொழாய்தானே வேணும், செஞ்சிர்றேன்" என்று முறைப்பாகச் சொல்லிவிட்டுப் பொனட்டை மூடினேன்.

கோபத்தில் செய்த வேலை எப்படி இருக்கும்? ஊதாங்குழல் கேட்டார்கள், ஊதாங்குழலே தருகிறேன் என்று ஒன்றேகால் அங்குலத்தில் செய்தேன். அந்த வளைவில் வண்டி அருமையாக இழுத்தது. நான் உங்கள் தோளைத் தட்டினேன். பாறை வழியைத் தாண்டியதும் குழாய்கள் செந்நிறமாகி, ரேடியேட்டர் கொதித்து, ஆவி முகத்தில் அடித்தது. மா முழுக்கக் கரிக்கட்டை. நீங்கள் அதை விரலால் சுரண்டி முகர்ந்து பார்த்துவிட்டு, "இந்த மாவுல புட்டு அவிக்க ஏலா பாஸ்" என்றீர்கள். இரண்டு விரதக்காரர்களும் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, வயிறு நோகச் சிரித்தோம்.

அங்கேதான் முதல்முறையாக நான் உங்களிடம் கேட்டேன். "நானா, நீங்களே சொல்லுங்க. காலுக்கு எப்பிடி இருந்திச்சி?"

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். மலையைக் கீழிருந்து மறுபடி ஒருமுறை மனதுக்குள் ஏறினீர்கள் போல. எந்த வளைவில் வண்டி கால்பாதத்தைத் தள்ளியது, எந்த இடத்தில் பாதத்துக்கு அடியில் ஒன்றுமே இல்லாமல் வெறுமையானது, எங்கே மூச்சு முட்டியது என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். எந்தக் கருவியும் இல்லை. செருப்புப் போட்ட ஒரு கால், அவ்வளவுதான். கடைசியில் சொன்னீர்கள்: "மொதலாவது கொழாய் சமரோட்டில பறந்திச்சி, மலையில செத்திச்சி. இது மலையடியில நல்லம், மேல போகப் போக மூச்சு முட்டுது. நமக்குப் பறக்கத் தேவல்ல பாஸ். மூச்சு அறாம ஏறினாப் போதும்." நான் அன்று அப்படியே வாய்பிளந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு மனிதனின் உள்ளங்காலுக்குள் இத்தனை அறிவு இருக்குமா? நான் எஞ்சினைப் பிரித்துப் பார்த்துப் படித்தவன். நீங்கள் பிரிக்காமலே படித்திருந்தீர்கள்.

ஒன்றரை அங்குலம். நீங்கள் சொன்ன குறைகளை வைத்துக்கொண்டுதான் அந்த அளவுக்கு வந்தேன். நாலு குழாயும் ஒரே நீளத்தில் சேரும்படி, அவசரப்படாமல், ஒரு கிழமை எடுத்துச் செய்தேன்.

பெருநாள் காலை. புதுச் சட்டைகளும் அத்தர் வாசமுமாக மச்சானின் குடும்பம் வண்டி நிறைய. அக்கா தன் கையாலேயே கரைத்துக் கொடுத்தனுப்பிய மாவை நாலு குழாயிலும் பூசியிருந்தேன். மச்சான் பின்னாலிருந்து, "கட்டை எங்க?" என்று கேட்டார். என் மடியில் இருந்தது. அன்று நான் அதை எப்படிப் பிடித்திருந்தேன் என்றால், இறங்கும்போது விரல்களில் அதன் விளிம்பு பதிந்திருந்தது. அந்த வளைவு வந்தது. நீங்கள் காலை அழுத்தவில்லை, வைத்திருந்தீர்கள். வண்டி ஒரே சீராகத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு, பாறை வழிக்குள் நுழைந்து, வெளியே வந்து, மலை உச்சியை அடைந்து நின்றது. நின்றதல்ல, நீங்கள் நிறுத்தினீர்கள். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்!

"யாரு இங்க மா வறுக்கிற?" என்றார் மச்சான், மூக்கை உயர்த்தி. பொனட்டைத் திறந்தோம். எஞ்சினருகே கறுப்பு, அப்புறம் பழுப்பு, நாலும் சேரும் இடம் வரைக்கும் பொன்னிறம். நாலு குழாயிலும் ஒரே மாதிரி. அக்காவின் சட்டியில் வறுபட்டதுபோலவே. சிலுவைக் குறி போட்டுக்கொள்ள என் கை தானாக நெற்றிக்குப் போனது. நீங்கள் "அல்ஹம்துலில்லாஹ்" என்றீர்கள். பிறகு வலது காலைச் செருப்போடு தூக்கிக் காட்டி, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினீர்கள்.

"இப்ப கால் சரியா பாஸ்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பில் மன்னிப்புக் கரைந்துபோயிற்று. அதற்குப் பிறகு அதைக் கேட்க ஒரு நாளும் வாய்க்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் வாய் வரவில்லை.

அப்புறம் அந்தக் காய்ச்சல் வந்த மாதங்கள். மாவனல்லைப் பக்கத்துக் கிராமங்களில் வீட்டுக்கு வீடு பாயில் கிடந்தார்கள். நீங்கள் ஹயரை விட்டுவிட்டு நோயாளிகளைக் கண்டிக்கு ஏற்றி வந்தீர்கள். மடியில் தலைவைத்துக் கிடக்கிறவர்களை மலையில் இறக்கி நடக்கச் சொல்ல முடியாதே. அத்தனை பாரத்தோடு, அத்தனை தரம் ஏறியும் ஒருமுறைகூடக் கட்டை போடவில்லை என்று கேள்விப்பட்டபோது நான் கராஜில் தனியாக உட்கார்ந்து அழுதேன். பெருமையா, என்னவென்று தெரியாத ஒரு அழுகை. ஒரு கால் அங்குலம் கூடியோ குறைந்தோ இருந்தால் அந்த வளைவில் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கப் பயமாக இருந்தது.

கடைசியில் காய்ச்சல் உங்களையும் பிடித்தது. மச்சான் வீட்டில் விழுந்துவிட்டீர்கள், சொந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிக்கிறீர்கள் என்று செய்தி வந்தது. பஸ்ஸில் போய் இறங்கினேன். உங்களைப் பின்னாசனத்தில் கிடத்தி, தலைமாட்டில் அக்கா இருக்க, உங்கள் வண்டியை முதன்முறையாக மலைக்கு நான் ஓட்டினேன். வளைவு வந்ததும் பயத்தில் காலை மிதித்து அழுத்தினேன். எஞ்சின் தட்டத் தொடங்கியது. பின்னாலிருந்து மெலிந்த குரல்: "அமத்தாதீங்க பாஸ். வச்சிக்கிட்டு ஈங்க. அது தானா இழுக்கும்." காலைத் தளர்த்தினேன். வண்டி இழுத்தது. பாறை வழிக்குள் இருட்டில் போகும்போது சொன்னீர்கள்: "ஆ, இப்ப கால் சரி."

நீங்கள் என்னிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான். மூன்றாம் நாள் உங்கள் ஜனாஸாவின் பின்னால் நானும் நடந்தேன்.

இன்று பின்னேரம் நடந்ததைச் சொல்கிறேன். பெரிய குழாய் கேட்ட மச்சானுக்கு மறுபடி ஒன்றரை அங்குலத்திலேயே செய்து போட்டேன். அக்கா வீட்டில் நோன்பு திறக்க அவர் குடும்பம் வருகிறது, நானே ஓட்டுகிறேன் என்று மாவனல்லைக்குப் போய் எல்லோரையும் ஏற்றிக்கொண்டேன். மச்சான் என் பக்கத்தில் மடியில் கட்டையோடு இருந்தார். அந்த வளைவுக்கு வந்ததும், நன்றாக இழுத்துக்கொண்டிருந்த வண்டியை நான் நிறுத்தினேன்.

"கட்டையப் போடுங்க மொதலாளி."

அவர் பதறிப்போய்க் குதித்துப் போட்டார். "என்ன பாஸ், நிண்டிருச்சா?"

"நிக்கல. நிப்பாட்டினேன். இதே எடத்துல நானாவோட கால நான் கொற சொன்னேன், ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா? கால்ல பிழ இல்லீங்க. கொழாய்ல பிழ. நான் போட்ட கொழாய்ல. ஒங்களுக்கு முன்னுக்கு சொன்னத ஒங்களுக்கு முன்னுக்கே திருப்பி எடுக்கணும். அதுக்குத்தான் நிப்பாட்டினேன்."

மச்சான் கட்டைக்குப் பக்கத்தில் குந்தியபடியே என்னைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நான் அண்டைக்கே ஒங்கள மாத்திட்டு வேற கராஜுக்குக் குடுக்கச் செல்லினேன் பாஸ். ஒங்கட நானாதான் விடல்ல. 'பாஸ் செல்லினது உண்மதான், என்ட கால்தான் பிழ, நோன்புல மயக்கமா ஈந்திச்சி. அவருக்கு இன்னொரு தவண குடுங்க' எண்டாரு. இவ்வளவு நாளும் நான் அவர்ட கால்தான் பிழயெண்டு நெனச்சிக்கிட்டு ஈக்கிறேன்."

நானா, வண்டி போனால் உங்கள் பிழைப்புப் போகும். அது தெரிந்தும், பழியை நீங்கள் வாங்கிக்கொண்டு தவணையை எனக்கு வாங்கிக் கொடுத்தீர்கள். மறுநாள் காலை பொனட்டைத் திறந்துவைத்துக்கொண்டு எனக்காகக் காத்தும் நின்றீர்கள். உச்சியில் காலைத் தூக்கிக் காட்டியபோது உங்கள் கண்ணில் இருந்த சிரிப்பு இதுதானா? ஆறேழு வருஷம் ஒரு மலையில் ஏறி இறங்கியும் நான் உங்களைப் பாதிதான் பார்த்திருக்கிறேன்.

"மஃரிபுக்கு முந்திப் போகணும் பாஸ், நோன்பு தொறக்கணும்" என்று பின்னாலிருந்து ஒரு பெண்குரல் கேட்டது. எட்டுப் பேர் பாரம். வளைவின் நடு. அசையாமல் நிற்கிற வண்டியை அங்கிருந்து கிளப்புவதைவிடக் கடினமான சோதனை அந்த ரோட்டில் வேறு இல்லை. யோசிக்காமல் நிறுத்திவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

காலை வைத்தேன். அழுத்தவில்லை. பாதத்தின் அடியில் ஏதோ ஒன்று மெல்ல எழுந்து நின்றது. நீங்கள் கண்மூடிச் சொன்னது இதுவாகத்தான் இருக்க வேண்டும். மச்சானிடம் தலையசைத்தேன். அவர் கட்டையை உருவினார். வண்டி ஒரு விரற்கடையும் பின்வாங்காமல், மா வாசத்தோடு, மேலே ஏறியது.

கட்டையை மச்சானிடமிருந்து கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இதை எழுதும்போது அது என் மேசைக்கு அடியில் கிடக்கிறது. வலது காலை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், நானா. அழுத்தாமல்.